ஆயிரத்தால் வகுத்த தண்ணீர்

சந்திரமதிக்கு அன்று காலை வந்தது ஒன்றும் பெரிய வேலை இல்லை. சிங்கப்பூர் வாடிக்கையாளர் ஒருவர், அறிக்கையிலுள்ள மில்லிகிராம் கணக்கையெல்லாம் மைக்ரோகிராமுக்கு மாற்றித் தரச் சொல்லியிருந்தார். தெப்ரா நகரில் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் தண்ணீரைச் சோதித்துச் சோதித்தே பாதி ஆயுசைக் கழித்தவளுக்கு இது கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். ஆயிரத்தால் பெருக்கினால் முடிந்தது. குடிநீரில் ஈயம் லிட்டருக்கு 0.01 மில்லிகிராம் வரை இருக்கலாம். பெருக்கினாள். பத்து மைக்ரோகிராம்.

இந்தப் பத்தை எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தாள். நினைவு வந்ததும் கையிலிருந்த வேலையை அப்படியே நிறுத்தினாள்.

மூன்று மாதத்துக்கு முன், அவள் குடியிருக்கும் மாசாய்ப் பகுதியில் குழாய்த் தண்ணீர் நின்றுபோய், சனங்கள் வாளியும் கையுமாக அலைந்தார்கள். அவள் ஃபிளாட்டுக்குப் பக்கத்து ஆலயத்தில் ஓர் ஆழ்குழாய்க் கிணறு உண்டு. ஆலயத் தலைவர் தங்கராஜு ஒரு போத்தலில் தண்ணீர் பிடித்து வந்து, "சும்மா ஒரு தடவ பாத்துக் குடும்மா. குடிக்கலாமான்னு மட்டும் சொல்லு" என்றார்.

தொழிற்சாலைக் கழிவுநீர் மாதிரிகளுக்கு நடுவே அதையும் இயந்திரத்தில் விட்டாள். ஈயம் முப்பத்தெட்டு மைக்ரோகிராம் என்றது இயந்திரம். கழிவுநீர் அறிக்கை எப்போதும் மில்லிகிராமில்தான் போகும். பழகின கை தானாகவே ஆயிரத்தால் வகுத்து 0.038 என்று எழுதிவிட்டது. பிறகு கைப்பேசியில் குடிநீருக்கான வரம்பைத் தேடினாள். பத்து என்று இருந்தது. பத்து எது, மில்லியா மைக்ரோவா என்று பார்த்தாளா? எங்கே பார்த்தாள். மகளை டியூஷனிலிருந்து கூட்டிவர வேண்டிய அவசரம் மகாராணிக்கு. '0.038தான் இருக்கு, பத்து வரைக்கும் போலாம், தாராளமா குடிங்க' என்று செய்தி அனுப்பிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

எண்ணில் பிழை இல்லை. மில்லிகிராமைக் கொண்டுபோய் மைக்ரோகிராமோடு ஒப்பிட்டதுதான் பிழை. வரம்பைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு ஈயம் இருந்த தண்ணீருக்குத் தாராளமாக அனுமதி கொடுத்திருக்கிறாள். கீழ்வீட்டு லோஷினி ஐந்து மாதக் கர்ப்பிணி. குழாயில் தண்ணீர் திரும்பிய பிறகும் அவள் ஆலயத் தண்ணீரைத்தான் குடித்தாள். "அக்கா டெஸ்ட் பண்ண தண்ணி" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் பெருமை வேறு.

என்ன செய்யவேண்டும் என்று சந்திரமதிக்குத் தெரியாதா? நன்றாகத் தெரியும். ஆனால் நாளைக்கு எந்த முகத்தோடு ஆலயத்துக்குப் போவது? வேலைக்கு ஆபத்து வந்தால் என்ன செய்வது? மனம் கிடந்து அடித்துக்கொண்டது. கடைசியில் தலைவரை அழைத்தாள்.

"அங்கிள், ஆலயத்துத் தண்ணிய நிறுத்திருங்க."

"ஏம்மா, என்னாச்சு?"

தொண்டை வரை வந்த உண்மையை விழுங்கினாள். "பம்பு பழசாச்சு இல்லையா. சர்வீஸ் பண்ணிட்டுத் தொறந்தா நல்லது."

"அதுவும் சரிதான் லா. இன்னிக்கே மூடிடறேன்."

அப்பாடா என்று இருந்தது. யார் பெயரும் கெடாமல் காரியத்தை முடித்துவிட்டோம் என்று தன்னைத்தானே தட்டிக்கொடுத்தாள். பாவி, அந்தக் கணக்கையும் தப்பாகத்தான் போட்டிருந்தாள்.

சாயங்காலம் வீடு திரும்பியபோது லோஷினியின் வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே சுவரோரம் பூராவும் போத்தல்கள், மூடி போட்ட வாளிகள், சோறாக்குகிற சட்டி உட்பட எல்லாவற்றிலும் தண்ணீர்.

"பம்ப மூடப் போறாங்களாம்க்கா. வேணுங்கறவங்க இப்பவே புடிச்சு வச்சுக்கங்கன்னு தலைவர் குரூப்புல போட்டாரு. ஒரே கூட்டம். புள்ளத்தாச்சின்னு என்னையத்தான் மொதல்ல விட்டாங்க" என்றாள் லோஷினி. அவள் முகத்தில் அத்தனை சந்தோஷம்.

சந்திரமதி உள்ளே போனாள். வெட்கமாக இருந்தது, செத்துவிடலாம் போல வெட்கமாக இருந்தது.

"இதக் குடிக்காத லோஷினி. இதுல ஈயம் இருக்கு. அன்னிக்கு நான்தான் தப்பாப் பாத்துட்டேன்."

லோஷினி சிரிக்கப் பார்த்தாள். "கொதிக்க வச்சுத்தானேக்கா குடிக்கிறேன்?"

"கொதிக்க வச்சா கிருமிதான் சாகும். ஈயம் அப்படியேதான் இருக்கும். நாளைக்கே டாக்டர்ட்ட போய் ரத்தம் பாக்கலாம், நானும் வரேன். குரூப்புல எல்லாருக்கும் இப்பவே சொல்லிடறேன்."

லோஷினியின் கை வயிற்றுக்குப் போனது. பிறகு, "உங்களுக்கு எப்பக்கா தெரிஞ்சது?" என்று கேட்டாள்.

இப்பத்தான் என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது.

"காலையில" என்றாள் சந்திரமதி.

லோஷினி சுவரோரம் பார்த்தாள். போத்தல்களுக்குப் பக்கத்தில் பாதி குடித்த கிளாஸ் ஒன்று இருந்தது.

"நான் மத்தியானம்தானேக்கா புடிச்சேன்" என்றாள்.