பத்துத் தடவை எழுதமாட்டேன்

நர்சிங் உதவியாளர் வகுப்பில் மேடத்துக்குப் பட்டப்பெயர் ‘பத்துத் தடவை’. இதயப் பாடத்தைப் பத்துத் தடவை எழுதிக் காட்டினால்தான் ரெக்கார்டு நோட்டில் கையெழுத்துப் போடுவார். கையெழுத்து இல்லாமல் பரீட்சைக்கு உட்கார முடியாது. இன்றைக்குக் கடைசி நாள்.

டெய்லரம்மா ஒரு தடவைகூட எழுதவில்லை. நாற்பத்தொரு வயதில் படிக்க வந்தவள். முதல் மாதம் எலும்புகளின் பெயரை விழுந்து விழுந்து எழுதினாள். கை ஓடியது, மண்டையில் ஒன்றும் ஏறவில்லை. டெஸ்டில் கோட்டை விட்டாள். அப்புறம்தான் பாடத்தைத் துணியில் தைக்க ஆரம்பித்தாள்.

“எதுக்குக்கா வம்பு?” என்றார் பக்கத்து பெஞ்சுக்காரர். முன்னாள் பஸ் கண்டக்டர். பாடத்தை ஸ்டாப்பிங் மாதிரி கூவினால்தான் அவருக்கு மனசில் நிற்கும். “நானும் எழுதிட்டேன். ஒரு வரி உள்ள போகல. கையெழுத்து வந்துடுச்சு.”

“உங்களுக்குப் போதும், எனக்குப் போதாது.”

மேடம் அவளிடம் வந்தார். “நோட்டு எங்க?”

“எழுதல மேடம். தைச்சிருக்கேன்.” நான்கு அறையும், கெட்ட ரத்தத்துக்கு நீல நூலும் நல்ல ரத்தத்துக்குச் சிவப்பு நூலுமாக ஒரு துணி இதயத்தை எடுத்தாள்.

“இது என்ன, சூடான பாத்திரம் பிடிக்கிற துணியா?” வகுப்பு சிரித்தது.

“கேள்வி கேட்டுப் பாருங்க மேடம்.”

“உடம்பைச் சுத்திட்டு வர்ற ரத்தம் முதல்ல எந்த அறைக்கு வரும்?”

துணியை நெஞ்சில் வைத்து, கண்ணை மூடி, நீல நூலைத் தடவினாள். “இடது மேல் அறை.”

“தப்பு. வலது. இதுக்குத்தான் எழுதச் சொல்றேன்.”

அவள் கண்ணைத் திறந்தாள். துணியைப் புரட்டிப் பார்த்ததும் புரிந்துவிட்டது. ஜாக்கெட்டுக்குக் குறிப்பதுபோல உள்பக்கத்தில் படம் வரைந்து, தைத்துத் திருப்பிவிட்டாள். இடது வலது மாறிப்போச்சு.

“பத்துத் தடவை. சாயங்காலத்துக்குள்ள.”

“மாட்டேன் மேடம். தப்பு என்னோடதுதான். எங்க தப்பு பண்ணேன்னும் தெரிஞ்சுபோச்சு. பார்த்து எழுதியிருந்தா எனக்கு இது தெரியாதுங்கறதே தெரிஞ்சிருக்காது.”

சின்னக் கத்தரிக்கோலால் ஓரத்தைப் பிரித்து, துணியை உள்வெளியாகத் திருப்பினாள். பிசிறெல்லாம் வெளியே தொங்கியது. “இனிமே படம் வரையறதுக்கு முன்னாடி துணியை நெஞ்சுல வச்சுப் பாத்துக்கறேன். இப்ப கேளுங்க.”

மேடம் கையைக் கட்டிக்கொண்டார். “இடது கீழ் அறை பலமில்லாமப் போச்சுன்னா என்ன ஆகும்?”

முதல் பெஞ்சுப் பெண் பரபரவென்று நோட்டைப் புரட்டினாள். எழுதி எழுதியே நூற்றுக்கு நூறு வாங்குகிறவள். அவள் நோட்டிலும் இது இல்லை.

டெய்லரம்மாவின் விரல் சிவப்பு நூலில் பின்னோக்கிப் போனது. “ரத்தம் முன்னால போகாது. மேல் அறையில தேங்கும். அதுக்கும் பின்னால... நுரையீரல். அங்க நீர் கோத்துக்கும். ஆளுக்கு மூச்சு வாங்கும் மேடம்.”

“டிராஃபிக் ஜாம்,” என்றார் கண்டக்டர் மெதுவாக.

மேடம் சிரிக்கவில்லை. “பதில் சரி. வெறும் பக்கத்துல எப்படிக் கையெழுத்துப் போடறது? பரீட்சை அதிகாரி பாப்பாரே.”

டெய்லரம்மா ஊசியில் நூல் கோத்தாள். துணி இதயத்தை ரெக்கார்டு நோட்டின் அந்த வெறும் பக்கத்திலேயே வைத்து நான்கு மூலையிலும் தைத்து, நோட்டை மேடத்தின் பக்கம் நகர்த்தினாள்.

“இதுக்குக் கீழ போடுங்க. அவர் கேட்டா என்னைக் கூப்பிடுங்க, நான் சொல்லிக்கறேன்.”

மேடம் பேனா மூடியைக் கழற்றினார்.