பாதி வெட்டிய தலை

அந்த முடிவெட்டும் கடைக்காரியை எல்லோரும் கத்திரியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கைக்குக் கொஞ்சமும் சளைத்ததில்லை அவள் வாய். ஞானஸ்நானம் எடுத்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தனக்குக் கிடைத்த சந்தோஷம் தன் நாற்காலியில் உட்காருகிற ஒவ்வொருவருக்கும் அன்றைக்கே கிடைத்துவிட வேண்டும் என்று அவளுக்கு ஒரே துடிப்பு. வந்தவர் கழுத்தில் துணியைக் கட்டியதுமே ஏசுவைப் பற்றி ஆரம்பித்துவிடுவாள். அவர்களும் அசையாமல் கேட்பார்கள்.

"எவ்வளவு பயபக்தியா கேக்கறாங்க தெரியுமா?" என்று கணவனிடம் பெருமையடித்துக்கொள்வாள்.

"பயம் சரிதான். அசைஞ்சா காது போயிடும்ல" என்பான் அவன்.

மாதம் ஒருமுறை வருகிறவர் நீச்சல் குளத்துக் கோச்சம்மா. பெரியவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடுப்பவர். எப்போதும் கிராப்தான். கடவுள் நம்பிக்கை கிடையாது. அதை முதல் நாளே பளிச்சென்று சொல்லிவிட்டார். கத்திரியக்கா விடுவாளா? மூன்றாவது மாதம், இடது பக்கம் வெட்டி முடித்த கையோடு கேட்டாள்:

"கோச்சம்மா, இன்னைக்கே உங்களுக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா எங்க போவீங்க?"

"ஆஸ்பத்திரிக்கு."

"விளையாடாதீங்க. 'ஆண்டவரே'ன்னு ஒரே ஒரு தடவை என்கூடச் சொல்லுங்க. சொன்னாத்தான் வலது பக்கம் வெட்டுவேன்."

பாதி வேடிக்கையாகத்தான் சொன்னாள். கோச்சம்மா எழுந்தார். கழுத்துத் துணியை அவிழ்த்து, நாலாக மடித்து நாற்காலிமேல் வைத்தார். ஒரு பக்கம் ஆடு மேய்ந்த புல்லும் மறுபக்கம் புதருமாக, நிமிர்ந்த தலையோடு தெருவில் இறங்கி நடந்தார்.

காத்திருந்த இரண்டு பெண்களும் பத்திரிகையை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார்கள். பத்திரிகை குலுங்கியது.

வீட்டில் கணவன் முதலில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினான். "போய்ப் பார்த்துட்டு வா. அந்தத் தலையோட பாவம் அவங்க எப்படி வெளியே போவாங்க?"

மறுநாள் காலை கத்திரி, சீப்பு, துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு குளத்துக்குப் போனாள். கோச்சம்மா தண்ணீரில்கூட இல்லை. ஆனாலும் தலையில் நீச்சல் தொப்பியை இறுக்கி மாட்டியிருந்தார்.

"மன்னிச்சுக்குங்க கோச்சம்மா. மீதியை வெட்டிட்டுப் போயிடறேன்."

கோச்சம்மா தொப்பியைக் கழற்றினார். "நீங்க சாமியைப் பத்திப் பேசினதுல எனக்குக் கோபமில்ல. கழுத்துல துணியைக் கட்டி, கையில கத்திரியை வச்சுக்கிட்டுப் பேசறீங்க. நான் எங்க எந்திரிச்சு ஓடறது?"

கத்திரியக்காவுக்குச் சுருக்கென்றது. மூன்று மாதமாக இந்த அம்மாளின் பிடரியைத்தான் பார்த்துப் பேசியிருக்கிறாள். முகத்தைப் பார்த்ததே இல்லை. குளியலறைக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, வலது பக்கத்தை வெட்டினாள். பதினோரு நிமிஷம். அவள் வாழ்க்கையிலேயே விழித்துக்கொண்டு வாயை மூடியிருந்த மிக நீளமான நேரம் அதுதான்.

அடுத்த மாதம் கோச்சம்மா வருவார் என்று அவள் நம்பவில்லை. வந்தார். கத்திரியக்கா பேசுவதற்குப் பதில் கேட்க ஆரம்பித்தாள். கோச்சம்மாவின் அப்பாவுக்கு ஞாபகம் தப்பிக்கொண்டிருந்தது. மகளையே யாரோ என்று நினைத்து "உட்காருங்கம்மா" என்பாராம். முடிவெட்ட வெளியே கூட்டிவர முடியவில்லை. கத்திரியக்கா வீட்டுக்கே போய் வெட்டிவிட்டு வந்தாள். பெரியவர் அவள் கையைத் தட்டிவிட்டார், சீப்பைப் பிடுங்கி ஒளித்துவைத்தார். இவள் சிரித்துக்கொண்டே மறுமாதமும் போனாள். நாக்கு நுனிவரை வந்ததை எத்தனையோ தரம் விழுங்கினாள்.

அப்படி ஆறு மாதம் போனது. ஒருநாள் முடிவெட்டி, துணியை அவிழ்த்த பிறகும் கோச்சம்மா எழுந்திருக்கவில்லை.

"இப்பல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையே நீங்க?"

"நீங்க கேக்கலையே."

"சரி, கேக்கறேன். உங்களுக்கு எப்படி நம்பிக்கை வந்துச்சு? பிரசங்கம் வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்க."

கத்திரியக்கா பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "அஞ்சு வருஷம் முன்னால எங்க வீட்டுக்காரரு ஸ்கூட்டர்ல விழுந்து இடுப்பெலும்பு உடைஞ்சு மூணு மாசம் படுக்கை. மேல்மாடித் தையல்காரம்மா தினமும் இறங்கி வந்து பாத்திரம் கழுவிக் கொடுத்துட்டுப் போவாங்க. பெரிசா பழக்கம்கூட இல்ல. ஒரு வார்த்தை சாமியைப் பத்திப் பேசினதில்ல. கடைசியில எனக்கே தாங்கல. 'ஏங்க்கா இதெல்லாம் செய்யறீங்க?'ன்னு கேட்டேன். 'எனக்காக ஒருத்தர் இதைவிடப் பெரிசா செஞ்சிருக்காரு'ன்னு சொல்லிட்டுச் சட்டியைத் தேய்க்கப் போயிட்டாங்க. மறுநாள் நானேதான் மாடியேறிப் போய், யார் அவருன்னு..."

சட்டென்று நிறுத்தினாள். இந்தக் கதையை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறாள். இன்றைக்குத்தான் அது அவளுக்கே உறைத்தது.

"நான் கேக்கறவரைக்கும் காத்திருந்தாங்க கோச்சம்மா. மூணு மாசம்!"

கோச்சம்மா கடகடவென்று சிரித்தார். "அவங்ககிட்டருந்து நம்பிக்கையை மட்டும் வாங்கிக்கிட்டு, பொறுமையை மாடியிலேயே வச்சுட்டு வந்துட்டீங்க!"

கத்திரியக்காவுக்கும் அடக்க முடியவில்லை. வாசலுக்கு வந்த ஒருத்தி, இருவரும் உட்கார்ந்து சிரிப்பதைப் பார்த்து, இன்றைக்குக் கடை இல்லை போலிருக்கிறது என்று திரும்பிப் போனாள்.

"நான் நம்பறேன்னு சொல்லல" என்றார் கோச்சம்மா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"சரி."

"ஆனா நாளைக்கு அப்பாவுக்குக் கண் ஆபரேஷன். நீங்க அவருக்காக ஜெபம் பண்ணினா வேண்டாம்னு சொல்லமாட்டேன்."

"அவருக்காக ஆறு மாசமா பண்ணிட்டுத்தான் இருக்கேன்."

"எனக்காக?"

"அது ஒன்பது மாசம். ஆரம்பத்துல கொஞ்சம் கோபமா பண்ணினேன். அப்புறம் சரியாயிடுச்சு."

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. அப்பாவுக்கு ஞாபகம் திரும்பவில்லை. ஆனால் பாட்டு என்றால் முகம் மலர்ந்துவிடும். "உங்க சபையில பாட்டு நிறைய உண்டா? அப்பாவுக்காகக் கேக்கறேன்" என்றார் கோச்சம்மா. உண்டு என்றாள் கத்திரியக்கா. அதற்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்காமலிருக்க உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை, கடைசி பெஞ்சில் அப்பாவும் மகளும் வந்து உட்கார்ந்தார்கள். பெரியவர் தாளத்துக்குச் சம்பந்தமில்லாமல் கை தட்டினார். பாட்டு முடிந்து பிரசங்கம் தொடங்கியதும் கிளம்பிவிடுவார்களோ என்று கத்திரியக்காவுக்குக் கழுத்து குறுகுறுத்தது. திரும்பிப் பார்க்கவே கூடாது என்று கையைக் கட்டிக்கொண்டாள்.

கணவன்தான் மெல்லத் திரும்பிப் பார்த்துவிட்டு அவள் காதருகே குனிந்தான்.

"இருக்காங்க. நீ முன்னால பாரு."