இறங்க மறுத்த தண்ணீர்

அனாயேலி தன் வாழைத்தோட்டத்தில் வைத்த நீரூற்றில், மேலே போன தண்ணீர் கீழே வரவில்லை. கிளிமஞ்சாரோ சரிவில் இறங்குவது ஒன்றே தண்ணீரின் வேலை என்பதால், குழாயில் ஏதோ கோளாறு என்றுதான் அவன் மனைவி ஐகருவா முதலில் நினைத்தாள். பஸ் ஓட்டுவதிலிருந்து ஓய்வு பெற்று வந்ததிலிருந்தே அவனோடு அவளுக்குப் போதும் போதுமென்று ஆகியிருந்தது. மாட்டுக்கொட்டகை ஒழுகுகிறது, பார் என்றால், அருஷாவில் ஒரு விடுதி வாசலில் கண்ட நீரூற்றைப் பற்றிப் பேசுவான். ஒருநாள் அவள் வாழைப்பழக் கள் ஊறவைக்கும் பீப்பாயைத் தூக்கிப்போய் மேட்டில் வாய்க்காலோரம் நிறுத்தி, அதன் அடியிலிருந்து ரப்பர் குழாயைத் தோட்டம்வரை இறக்கி, நுனியில் பேனாக்கூட்டைச் செருகினான். "மோட்டார் வேணாம், கரண்ட் வேணாம். மேட்டுத் தண்ணி தன் கனத்துலயே பீச்சும் பாரு," என்றான். பீச்சியது. பீப்பாயின் மட்டத்தைத் தாண்டி, வாழைகளைத் தாண்டி, தேவாலயக் கூரை உயரத்துக்குத் தூணாகப் போய் நின்றது. ஒரு சொட்டு விழவில்லை.

"இறக்கு மனுஷா அதை!"

"ஏத்தத்தான் வழி பண்ணேன். இறங்குறது அதுவா இறங்கணும்."

அது இறங்கவில்லை, உறிஞ்சிக்கொண்டே பருத்தது. வாய்க்கால் பாதியாகி, கீழ்வீட்டு ஷோசெயின் முறைக்குச் சேறுதான் போனது. "ஏம்மா, உன் புருஷன் தண்ணிய நிக்க வச்சுட்டானாமே? எம் மாட்டையும் நின்னபடியே சாகச் சொல்றானா?" என்று அவள் வேலிக்கு வெளியிலிருந்தே கேட்டாள். வாய்க்கால் சபை கூடி, ஓர் ஆடும் ஒரு பீப்பாய்க் கள்ளும் தண்டம் போட்டு, அனாயேலி வீட்டு மடையையும் அடைத்தது. தண்டக் கள்ளை ஊறவைக்க ஷோசெயிடமே பீப்பாய் இரவல் கேட்டு நின்றபோது ஐகருவாவுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டுக்கு வந்து குழாயைப் பிடுங்கி எறிந்தாள். தூண் நின்றது. மண்வெட்டியால் வெட்டினாள். மண்வெட்டி நனைந்தது. அனாயேலி நாற்காலி போட்டு உட்கார்ந்து, அழகாகத்தானே இருக்கிறது என்றான். அன்று அவனுக்குச் சோறு கிடைக்கவில்லை.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வாய்க்கால் வறண்டு, அவரைக்கொடிகள் சுருண்டன. ஒரு காலையில் ஐகருவா யாரிடமும் சொல்லாமல் ஏணியை எடுத்து, சாய்க்க வேறு இடமில்லாததால், தண்ணீர்மீதே சாய்த்தாள். ஏணி நின்றது. உச்சிக்கு ஏறி வாளியால் மொண்டாள். எந்தத் தண்ணீரையும் போலத்தான் இருந்தது, கொஞ்சம் குளிர்ச்சி. முதல் வாளியை அவரைக்கு ஊற்றினாள். இரண்டாவதைச் சுமந்து வேலியருகே போய், "வாங்க, வந்து எடுத்துத் தொலைங்க," என்று கத்தினாள். ஷோசெ மாட்டை ஓட்டிக்கொண்டே வந்துவிட்டாள். பின்னால் ஊரே ஏணிகளோடு வந்து கீரைப்பாத்தியை மிதித்துத் துவைத்தது. "பாத்தீல காலை வைக்காதீங்க!" என்பதே அவளுக்கு அந்தக் கோடை முழுதும் பேச்சானது.

பிறகு மழைகள் வந்தன, பேரப்பிள்ளைகள் வந்தார்கள், அனாயேலியின் தலை முழுதும் நரைத்தது. மொண்ட அளவுக்குத் தூண் தானே வளர்ந்துகொண்டது. சபை அதற்கும் முறை வைத்து, யார் வீட்டுக்கு எந்தக் கிழமை என்று பிரித்துவிட்டது. ஐகருவா கொடிக்கயிற்றின் ஒரு முனையைக் காப்பி மரத்திலும் மறுமுனையைத் தண்ணீரிலும் கட்டினாள். அந்தப் பக்கம் போடும் போர்வைகள் காய அரைநாள் கூடுதலாகும்; கனமானவற்றை அவள் மரத்துப் பக்கம் போடுவாள்.