கடலைப் பார்த்த தோள்

றொபி அடித்த பந்து மறுபடியும் வலப்பக்கம் வளைந்து, வேலியைத் தாண்டி, மாமியார் மக்தலேனாவின் கருவாட்டுப் பாயில் போய் விழுந்தது. காகங்கள் கலைந்து எழும்பின. மக்தலேனா இடுப்பில் கை வைத்துக்கொண்டு மருமகனை ஒரு பார்வை பார்த்தாள். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பான்.

கற்பிட்டியில் டொல்பின் பார்க்க வருகிறவர்களைப் படகில் ஏற்றிப்போவதுதான் அவன் தொழில். சோளகக் காற்றுக் கிளம்பிக் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் படகைக் கரையில் இழுத்துவிட்டு, ஹோட்டல்காரரின் கொல்ஃப் திடலில் புல் வெட்டப் போவான். புல் வெட்டப் போனவன் சும்மா இருந்தானா? யாரோ வெள்ளைக்காரர் விட்டுப்போன மட்டையை எடுத்து ஒருநாள் வீசிப் பார்த்தான். பந்து போன தூரத்தைப் பார்த்து மனேஜரே வாயைப் பிளந்தார். சிலாபம் பக்கத்து ஹோட்டலோடு வருடாவருடம் நடக்கும் ஊழியர் போட்டியில் முதல் அடி அவனுக்கென்று ஆயிற்று. போன வருடம் அந்த முதல் அடிதான், ஊரே வேலியோரம் நின்று பார்த்திருக்க, கருவாட்டுக்குள் போனது. அன்றைக்கு ஒட்டிய 'கருவாட்டு றொபி' என்ற பெயர் இன்னும் கழன்றபாடில்லை. சந்தையில் மக்தலேனாவிடம் வாங்க வருகிறவர்கள், இது பந்து பட்டதா படாததா என்று கேட்டுத்தான் விலை பேசுகிறார்கள். இந்த வருடமும் முதல் அடி கோணினால் அந்த இடம் வரவேற்பு மேசை றிப்னாஸுக்கு என்று மனேஜர் சொல்லிவிட்டார். இடம் போவதைவிட, அந்தப் பெயர் சாகும்வரை கூடவே வரும் என்பதுதான் றொபியை உறங்கவிடவில்லை.

காற்றுத்தான் காரணம் என்று எல்லோரிடமும் சொல்லிப் பார்த்தான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இலைகூட அசையாத விடியற்காலையிலும் பந்து அதே வேலிக்குத்தான் போனது. எவ்வளவுக்கு வலப்பக்கம் போனதோ, அவ்வளவுக்கு அவன் இடப்பக்கம், கடலைப் பார்த்துத் திரும்பி நின்று அடித்தான். அது இன்னும் மோசமாக வளைந்தது.

அப்படியொரு விடியலில்தான் தேத்தண்ணிப் போத்தலோடு வந்த நிலானி, கணவனுக்கு நேர் பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். கொல்ஃப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் கல்யாணமான நாளிலிருந்து அவன் ஓட்டும் படகில் தீவுக் கோயில் திருநாளுக்குப் போய் வருகிறவள்.

"எங்க அடிக்கப் போறீங்க?" என்று கேட்டாள்.

தூரத்தில் குழியருகே நட்டிருந்த கொடியைக் காட்டினான்.

"அப்ப ஏன் காலும் தோளும் கடலப் பாக்குது?"

அவன் சிரித்துவிட்டான். நீரோட்டம் வலப்பக்கம் இழுத்தால் படகின் முன் அணியத்தை இடப்பக்கம் காட்டு, இன்னும் இழுத்தால் இன்னும் காட்டு. அப்படிச் செய்யாமல் எந்தப் படகு துறைக்கு வந்து சேர்ந்தது என்று கேட்டான்.

"போட் எண்டா எஞ்சின் தள்ளிக்கொண்டே இருக்கும், நீங்களும் பின்னால இருந்து திருப்பிக்கொண்டே வருவீங்க," என்றாள் நிலானி. "பந்துக்குள்ள ஆரு இருக்கிறது?"

றொபி குடிக்கத் தூக்கிய தேத்தண்ணிப் போத்தலை இறக்கினான். போத்தலை அவள் கையில் கொடுத்துவிட்டு மட்டையை மெதுவாக, அடிக்காமல், வீசிப் பார்த்தான். உடம்பு கடலைப் பார்க்கிறது, மட்டையின் முகம் கொடியைப் பார்க்கிறது. மட்டை வெளியிலிருந்து உள்ளே வந்து பந்தைக் குறுக்கே சீவிக்கொண்டு போகிறது. சீவின பந்து சுழன்று வலப்பக்கம் ஓடாமல் வேறெங்கே ஓடும்? இத்தனை நாளும் திருத்தம் என்று நினைத்துச் செய்ததுதான் கோளாறாக இருந்திருக்கிறது. அவனுக்கு வெட்கமாகவும் இருந்தது, கூத்தாடவேண்டும் போலவும் இருந்தது.

படகிலிருந்து இரண்டு துடுப்புகளைத் தூக்கி வந்தான். ஒன்றைப் பந்துக்கு அப்பால் கொடியைக் காட்டிக் கிடத்தினான். மற்றதை அதற்கு இணையாகக் கால்விரல்களை ஒட்டிப் போட்டான். பந்து இடது குதிக்காலுக்கு நேரே. முழங்காலும் இடுப்பும் தோளும் துடுப்பின் போக்கிலேயே நிற்கவேண்டும். நின்றால், நேரே மாமியாரின் கருவாட்டைக் குறிபார்ப்பது போலவே இருந்தது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? நிலானி தினமும் பின்னால் நின்று, தோள் திரும்புது, தோள் திரும்புது என்று சொல்லிச் சொல்லியே அவனை நேராக்கினாள்.

போட்டியன்று சோளகம் பேயாட்டம் ஆடியது. வேலியோரம் ஊர் திரண்டிருந்தது. மக்தலேனா பாய்களைச் சுருட்டி உள்ளே வைத்துவிட்டு வந்திருந்தாள். அதைப் பார்த்துச் சிரிக்காதவர் இல்லை. துடுப்பு வைத்து அடிக்கப் போட்டியில் இடமில்லை. றொபியின் உடம்பிலுள்ள ஒவ்வொரு நரம்பும், திரும்பு, கடலுக்குத் திரும்பு என்று கெஞ்சியது. அவன் பந்துக்குப் பின்னால் போய் நின்றான். வலை போட்ட இடத்தை மறுநாள் கண்டுபிடிக்கக் கரையில் ஒரு பனையையும் கோயில் கோபுரத்தையும் ஒரே கோட்டில் கொண்டுவருவார்களே, அதுபோலத் தூரத்துக் கொடியையும் பந்துக்குச் சற்று முன்னாலிருந்த காய்ந்த புல் திட்டையும் ஒரே கோட்டில் பிடித்தான். பிறகு கொடியைப் பார்க்கவே இல்லை. அந்தத் திட்டுக்கு மட்டையின் முகத்தைக் காட்டி, அந்தக் கோட்டுக்கு இணையாகக் காலை வைத்து, தோளைப் பூட்டி, மூச்சை விட்டு வீசினான்.

சத்தத்திலேயே தெரிந்துவிட்டது. பந்து நேரே எழும்பிப் போனது. காற்று அதைக் கொஞ்சம் தள்ளிப் பார்த்தது, பிறகு விட்டுவிட்டது. திடலின் நடுவில் விழுந்து இன்னும் கொஞ்ச தூரம் உருண்டது. சிலாபத்துக்காரர் ஒருவர் தொப்பியைக் கழற்றினார். வேலியோரம் யாரோ விசிலடிக்க, ஊரே கத்தியது. றொபிக்குக் கண் நிறைந்துவிட்டது, துடைக்கவும் தோன்றவில்லை.

அவன் மட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நடுப் புல்லில் நடக்கத் தொடங்கினான். வேலிக்கு அந்தப் பக்கம் சாரத்தை மடித்துக் கட்டிய ஆண்களும், பிள்ளைகளை இடுப்பில் ஏற்றிய பெண்களும், எல்லோருக்கும் முன்னால் நிலானியுமாக, ஊர் முழுவதும் அவனுக்கு இணையாக நடந்து வந்தது.