கணவாய் தாண்டாத பை

எசென்கூல் எந்தப் பையையும் கண்ணால் மட்டும் பார்த்து நம்புகிறவர் அல்லர். பிஷ்கேக் நகரின் ஓரத்தில் காப்பிக்கொட்டை வறுக்கும் அந்தச் சிறு கூடத்துக்குப் புதிய மாதிரிப் பை ஒன்று வந்தால், முதலில் அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஊசித்துளை தேடுவார். பிறகு அன்று வறுத்த கொட்டையை நிரப்பி, வாயை ஒட்டுவித்து, தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி அறுபது வரை எண்ணுவார். ஓரத்திலோ ஒட்டிலோ ஒரு குமிழி எழுந்தாலும் பை தள்ளுபடி. வறுத்த கொட்டை பல நாள் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கும். அந்த மூச்சை வெளியேற்றி, வெளிக்காற்றை உள்ளே விடாத பொத்தானளவு வால்வு ஒன்று பையின் நெற்றியில் உண்டு. அதன்மேல் கன்னத்தை வைத்துப் பையை மெல்ல அழுத்துவார்; மூச்சு கன்னத்தில் பட வேண்டும். இவ்வளவிலும் தேறிய பைகளில் ஆறைப் பெட்டியிலிட்டு லாரிக்கார மம்பெத்திடம் கொடுப்பார். பெட்டி பனிக் கணவாயைத் தாண்டித் தலாஸ் ஊர் வரை போய்த் திரும்ப வேண்டும். உச்சியில் காற்று மெலிந்து பைகள் உப்பும். அந்தப் பயணத்தில் பிழைத்ததே அவருக்குப் பை. பதினோரு ஆண்டுகளில் இந்த ஒழுங்கை அவர் ஒருமுறைதான் மீறினார்.

அது ஜனவரி மாதம். வழக்கமாகப் பை செய்து கொடுத்தவர்கள் தொழிலையே நிறுத்திவிட்டார்கள். உரிமையாளரான பெண்மணி அனார்கானுக்கு ஒரு வாய் ரொட்டி இறங்கவில்லை. வந்த நான்கு மாதிரிகளில் ஒன்று தொட்டியிலும் கன்னத்திலும் தேறியது. மம்பெத் பெட்டியை ஏற்றிச் சென்ற மறுநாள், எசென்கூல் ஏதோ வேலையாக உரிமையாளரின் அறைக்குள் நுழைந்தார். கவலை அப்பிய அந்த முகத்தைக் கண்டதும் வாய் முந்திக்கொண்டது.

“சூயுஞ்சு!”

நற்செய்தி கொண்டு வருகிறவர் கூவும் சொல் அது. கேட்டவர் பரிசு கொடுக்க வேண்டும். கொடுத்த பிறகுதான் செய்தி.

“மொதல்ல இதப் பிடிங்கண்ணே!” தம் வீட்டுக்கென்று வாங்கி வைத்திருந்த, குதிரைக்கறி அடைத்த குடலை அனார்கான் அப்படியே அவர் கையில் திணித்தார். “இப்பச் சொல்லுங்க.”

“பை தேறிருச்சு தங்கச்சி.”

“கணவாயுமா? மம்பெத் போன் பண்ணினானா?”

‘தேறிவிடும்’ என்று சொல்லத்தான் அவர் வாயெடுத்தார். கையில் பரிசு கனத்தது. “பண்ணிட்டான்” என்றார்.

அந்த நிமிடமே பத்தாயிரம் பைகளுக்கு ஆர்டர் போனது. வீட்டில் மனைவி மக்கள் அவரைப் புகழ்ந்துகொண்டே அந்தக் குடலை வேகவைத்துத் தின்றார்கள்.

இரண்டு நாள் கழித்து மம்பெத் பெட்டியை இறக்கினான்.

“அண்ணே, உச்சியில பொட்டு பொட்டுன்னு ரெண்டு சத்தம். டயருன்னு நெனச்சு அந்தக் குளிர்ல எறங்கிக் குனிஞ்சு பாத்தேன். மூக்கு உறைஞ்சதுதான் மிச்சம். உங்க பெட்டியா அது?”

“ஏதாவது சாமான் உருண்டிருக்கும்ப்பா.”

தனியே திறந்து பார்த்தபோது ஆறில் இரண்டு ஒட்டுவாயில் கிழிந்திருந்தன. நான்கு பிழைத்தனவே என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு, கிழிந்தவற்றைக் குப்பைக்குள் ஆழப் புதைத்தார். தின்ற பரிசை எப்படித் திருப்பித் தருவது? சொன்ன சூயுஞ்சுவைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனிதர் எவரையும் அவர் கண்டதில்லை.

பிப்ரவரியில் தலாஸின் எட்டுக் கடைகளுக்குப் போன முந்நூறு பைகளில் எண்பது வாய் பிளந்தன. பை சோதனையில் தேறியது; ஆகவே குற்றம் ஒட்டியவளுடையது என்று முடிவாயிற்று. கடைகளுக்கும் அப்படியே சொல்லியனுப்பினார்கள். ஆறு ஆண்டுகளாக ஒட்டு மெஷினில் நின்ற துர்சுனாய்க்கு வெள்ளிக்கிழமையோடு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“என் கையில சூடு பத்தலையாம் அண்ணே. எம் புருஷன் கன்னத்தக் கேட்டா வேற கதை சொல்லும்” என்று சிரித்தவளின் சிரிப்பு பாதியில் நின்றது. “பையச் சோதிச்சது நீங்கதான? ஒரு வார்த்தை சொல்லுங்களேன். நீங்க சொன்னா அக்கா கேப்பாங்க.”

“பாக்கலாம்மா” என்றார்.

அவள் ஒட்டிய பைகளில் பத்தை எடுத்துப் போய் முற்றத்துப் பனியில் புதைத்து வைத்தார். ஒரு மணி நேரம் கழித்து எடுத்துக் கன்னத்தில் வைத்து அழுத்தினார். ஒன்றிலிருந்தும் மூச்சு வரவில்லை. வால்வுக்குள் தடவியிருந்த எண்ணெய் குளிரில் இறுகிப்போயிருந்தது. வழி அடைபட்டால் உச்சியில் பைக்குள் இருக்கும் காற்று எந்த ஒட்டையும் கிழிக்கும். துர்சுனாயின் ஒட்டையோ, இரு கையாலும் இழுத்தும் அவரால் பிரிக்க முடியவில்லை.

‘இப்போதுதான் கண்டுபிடித்தேன்’ என்று சொன்னால் போதும். அவள் வேலையும் பிழைக்கும்; தம் பெயரும் உயரும். அந்த எண்ணத்தோடுதான் உரிமையாளரின் கதவைத் தட்டினார்.

“என்னண்ணே, கையில பையோட வர்றீங்க? வேற காரணம் ஏதாச்சும் தெரிஞ்சிருச்சா?” அனார்கான் எழுந்தே விட்டார். “சூயுஞ்சுன்னு சொல்லுங்க, என்ன வேணும்னாலும் தர்றேன்!”

எசென்கூலுக்குக் கூசியது.

“வேண்டாம் தங்கச்சி. வால்வு குளிர்ல அடைச்சுக்குது. ஆனா அது எனக்குப் போன மாசமே தெரிஞ்சிருக்கணும். மம்பெத் அன்னைக்குப் போனே பண்ணல. ஆறுல ரெண்டு கிழிஞ்சு வந்துச்சு. நான் மறைச்சுட்டேன்.”

அனார்கான் துர்சுனாயை வரச் சொன்னார். “எங்கிட்டச் சொன்னத இவ மொகத்தப் பாத்துச் சொல்லுங்க.”

அவர் சொன்னார். துர்சுனாய் அழவில்லை.

“எங்கிட்டச் சொல்லி என்ன ஆகப்போகுது? என் ஒட்டு எனக்குத் தெரியாதா? நான் பொறந்த ஊரு தலாஸ். அங்க எட்டுக் கடையிலயும் ‘துர்சுனாய் ஒட்டினா அவ்வளவுதான்’னு பேச்சு. எங்கம்மா கடைத்தெருவுக்குப் போறதில்ல. அங்க போய்ச் சொல்லுங்க அண்ணே.”

மறுநாள் அவள் மெஷினுக்குத் திரும்பினாள். எசென்கூல் மம்பெத்தின் பக்கத்தில் லாரியில் ஏறிக்கொண்டார்.

“எட்டுக் கடையா? எல்லாரும் டீ ஊத்துவாங்க. ஏழாவது டீயில உங்க ஒட்டு விட்டுரும், பாத்துக்கங்க” என்றான் மம்பெத். எசென்கூல் சிரிக்கவில்லை; கணவாய் முழுவதும், சொல்ல வேண்டியதை உதட்டுக்குள் ஓட்டிப் பார்த்துக்கொண்டே போனார்.

முதல் கடையில் நாலைந்து பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று ஒரு கணம் தயங்கியவர், பிறகு அவர்களுக்கும் கேட்கும்படியாகவே பேசினார்.

“பை கிழிஞ்சது துர்சுனாய் தப்பில்ல. அவ ஒட்டு கெட்டி. பை சரியில்ல. சோதன முடியாமலே முடிஞ்சதுன்னு பொய் சொன்னவன் நான். எம் பேரு எசென்கூல்.”

கடைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்தார். “அப்ப நாங்க அந்தப் பொண்ணத் திட்டினதெல்லாம்?”

“எனக்குச் சேர வேண்டியது. இப்பத் திட்டிக்கங்க.”

கடைக்காரர் திட்டவில்லை; ஒரு கிண்ணம் தேநீரை அவர் பக்கம் நகர்த்தினார். எசென்கூல் அதை நின்றபடியே குடித்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு அடுத்த கடைக்கு நடந்தார்.