எழுபத்தாறாம் ஆண்டு அட்டை

லெயார்கோவின் கம்யூனிஸ்ட் கட்சி உறுப்பினர் அட்டைக்கு விலை இருபத்திரண்டு யூரோ. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தாறாம் ஆண்டு அட்டை. பன்னிரண்டு மாதச் சந்தா வில்லைகளும் வரிசை பிசகாமல் ஒட்டியிருக்கும். வாங்கினால் உள்ளே ஓர் இசைத்தட்டும் கிடைக்கும். அந்த அட்டையை அப்படியே படமாக்கிய மேலட்டையில் அவருடைய பெயரும் அவர் கையெழுத்தும் அச்சாகியிருந்தன. அவரைக் கேட்டு யாரும் அச்சடிக்கவில்லை.

அந்த இசைத்தட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பழைய கட்சிக்காரர்களின் மன்றமான மக்கள் இல்லத்தின் கூடத்து வாசலை மறித்து நின்றார் ஆத்தோஸ். எதிரே, பெரிய டிரம்மை இரண்டு கையாலும் அணைத்தபடி லெயார்கோவின் மகள் வானியா. அவளுக்கு மூச்சு வாங்கியது. கூடத்துக்குள், பில்லியர்ட்ஸ் மேசையை ஓரங்கட்டிய இடத்தில், பெட்டியில் லெயார்கோ படுத்திருந்தார். முந்தாநாள் காலை சந்தையில் காலுறைக் கடையை விரிக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், எழுந்திருக்கவே இல்லை.

"இறக்கி வை, பாப்பா," என்றார் ஆத்தோஸ்.

"இறக்கத்தானே மாமா வந்திருக்கேன். வழி விடுங்க."

"இறக்குறது வெளியே. உள்ளே இல்ல."

நாற்பது வருடம் லெயார்கோவுக்குப் பக்கத்துக் கடையில் பாலாடைக்கட்டி விற்றவர் அவர். இப்போது இல்லத்தின் செயலாளர். எடைக்கல்லைத் தவிர எதையும் நம்பாத முகம்.

"எங்கப்பாவுக்கு நான் வாசிக்கறேன். இதுல உங்களுக்கென்ன?"

"அப்பா உனக்குச் சொந்தம். யார் இல்லைன்னா? கூடம் உறுப்பினர்களுக்குச் சொந்தம். இங்க ஆணி அடிக்கறதுன்னாலும் கை தூக்கிக் கேட்டுத்தான் அடிப்போம். அந்த விதியை எழுதினதே உங்கப்பன்தான்."

அது உண்மைதான். பிப்ரவரியில் வானியாவின் இசைக்குழு தன் முதல் ஆல்பத்தை இந்தக் கூடத்தில் பதிவு செய்ய அனுமதி கேட்டபோதும் வாக்கெடுப்பு நடந்தது. லெயார்கோ எதிர்த்துக் கை தூக்கினார், தோற்றார். மறுநாள் விடிகாலையில் அவரே வந்து கதவைத் திறந்து, கணப்பில் விறகு போட்டு, கூடத்தைச் சூடாக்கி வைத்தார். பதினோரு நாளும் அப்படித்தான். 'தீர்மானம் தீர்மானம்தான்' என்பதைத் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது ஆத்தோஸ் கையில் இருந்த அந்த ஆல்பத்துக்கு 'எழுபத்தாறில் நாங்கள் பிறக்கவில்லை' என்று பெயர். ஒன்பது பாட்டு. வீடு வீடாகக் கட்சி நாளிதழ் விற்ற ஞாயிற்றுக்கிழமைகள், கட்சித் திருவிழா அடுப்படியில் ஆயிரம் பேருக்கு மாவு பிசைந்த பெண்கள், கட்சி கலைந்த அன்று இரவு யாரும் அணைக்காத விளக்கு. வெளியாகி மூன்று வாரம்தான் ஆகிறது. மிலான் பத்திரிகை ஒன்று, ஒரு தலைமுறையின் ஏக்கம் என்று எழுதியது. லெயார்கோ அதைச் சாப்பாட்டு மேசையில் உரக்கப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"எங்களையெல்லாம் செத்துட்டதா வச்சுப் பாடியிருக்கே. எனக்கு நாளைக்குச் சந்தை இருக்கு."

இருவரும் கடைசியாகப் பேசிக்கொண்ட முழு வாக்கியங்கள் அவை. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் உப்பை எடு, கதவைச் சாத்து.

"அப்போ வாக்கெடுப்பு வைங்க," என்றாள் வானியா. "இப்பவே."

மதுக்கூடத்துப் பக்கம் நாற்காலிகள் இழுபட்டன. பதினேழு பேர். அநேகமாக எல்லோருக்கும் எழுபதைத் தாண்டியிருந்தது. ஆளுக்கொரு கோப்பை லாம்ப்ரூஸ்கோ ஒயின். ஆத்தோஸ் நடவடிக்கைப் புத்தகத்தைத் திறந்து, எழுந்து நின்று படித்தார்: "ஒண்ணு, சாவுன்னா இங்க எல்லாருக்கும் போடற பழைய ஒலிநாடா. ரெண்டு, இந்தப் பொண்ணோட குழு. ஒலிநாடாவே போதும்கறது என் கட்சி. லெயார்கோ இந்தக் குழுவுக்கு எதிரா வாக்குப் போட்டது பிப்ரவரிப் பக்கத்துல இருக்கு. வேணும்னா படிக்கிறேன்."

"அதோட அடுத்த பக்கத்தையும் படி," என்று பின்வரிசையிலிருந்து இர்மா குரல் கொடுத்தாள். திருவிழா அடுப்படியை முப்பது வருடம் ஆட்டிப்படைத்தவள். "விறகுச் செலவு யார் கொடுத்ததுன்னு இருக்கும்."

"அது கடமை. விருப்பம் வேற."

"விருப்பமா? எனக்கு அந்தத் தட்டை வித்ததே அவன்தான்யா. காலுறைக்கு அடியில பத்து வச்சிருந்தான். இருபத்தஞ்சு யூரோ வாங்கிட்டான் பாவி!"

வானியா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு இது தெரியாது.

"வித்தா பிடிச்சதுன்னு அர்த்தமா?" என்றார் ஆத்தோஸ். "பொம்பளைங்க நைலான் காலுறையும்தான் வித்தான். ஒரு நாள் அவன் போட்டு நீ பாத்திருக்கியா?"

சிரிப்பு எழுந்தது. கூடத்துப் பக்கம் பார்த்ததும் அடங்கியது.

கைகள் உயர்ந்தன. ஆத்தோஸ் விரலால் குத்திக் குத்தி எண்ணினார். குழுவுக்கு எட்டு. ஒலிநாடாவுக்கு ஒன்பது.

"முடிஞ்சது, பாப்பா. வண்டியில ஏத்தச் சொல்லு."

"என் கையை எண்ணலையே."

"உன் கைக்கு இங்க எண்ணிக்கை இல்ல. அட்டை இருக்கா உங்கிட்ட?"

இல்லத்தில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். ஒவ்வொரு ஜனவரியிலும் லெயார்கோ மகளின் தட்டுக்குப் பக்கத்தில் இல்லத்தின் உறுப்பினர் படிவத்தை வைப்பார். ஒவ்வொரு ஜனவரியிலும் அவள் அதன் மேல் தண்ணீர்க் கோப்பையை வைப்பாள். 'கட்சியே போயாச்சு, அட்டை எதுக்குப்பா?'

ஆத்தோஸ் இசைத்தட்டின் மேலட்டையைத் தூக்கிக் காட்டினார். "அவன் அட்டையை ஊரெல்லாம் வித்தே. உனக்குன்னு ஒண்ணு வாங்க மனசு வரல."

அவள் காது மடல் சிவந்தது. ஆனால் சந்தைக் கடையின் மேசைக்கு அடியில் வளர்ந்தவள். வாயடைத்துப்போய் அவளுக்குப் பழக்கமில்லை.

"என்ன விலை?"

"எது?"

"அட்டை."

"இருபத்திரண்டு."

"மத்தவங்களுக்கு?"

"...பதினஞ்சு."

"இது நவம்பர் மாமா. வருஷத்துல பத்து மாசத்தை நீங்களே தின்னுட்டீங்க. ரெண்டரை யூரோ தர்றேன்."

"ரெண்டரைக்குக் காப்பி கூட ரெண்டுதான் வரும்! பன்னிரண்டு."

"அஞ்சு. அட்டைக்கு உறை வேண்டாம்."

"எட்டு. உறை கிடையாது, பேச்சும் கிடையாது."

"மெதுவாப் பேசுங்க," என்றாள் இர்மா. "அவன் காதுல விழுந்தா, எட்டு அதிகம்னு எழுந்து வந்துடப்போறான்."

வானியா எட்டு யூரோவைச் சில்லறையாக மேசைமேல் வைத்தாள். இர்மா முன்மொழிந்து கையெழுத்திட்டாள். ஆத்தோஸ் பேனாவைத் தட்டித் தட்டி, பெயரை எழுதி, முத்திரை குத்தினார். விதிப்படி வந்தவளை விரட்ட அவரிடம் விதி இல்லை. புதிய உறுப்பினர் கேட்டதால் மறு எண்ணிக்கை. இம்முறை யாரும் சிரிக்கவில்லை. வானியாவின் கை நேராக, முழங்கை மடங்காமல் நின்றது.

ஒன்பது. ஒன்பது.

"சமமானா?" என்று கேட்டாள்.

ஆத்தோஸுக்குப் புத்தகம் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. "சமமானா தலைவர் வாக்குத் தீர்மானிக்கும்."

பதினெட்டுப் பேரும் திறந்திருந்த கதவு வழியாகக் கூடத்தைப் பார்த்தார்கள். கருப்புக் கோட்டு, சிவப்புக் கழுத்துத் துணி, மடித்து வைத்த கைகள். இல்லத்தின் தலைவர் லெயார்கோதான். அடுத்த தேர்தல் மார்ச்சில்தான்.

வெளியே மூடுபனியில் யாரோ காலுதறிக்கொண்டிருந்தார்கள்.

"அவர் வேண்டாம்னு சொல்லலையே," என்றாள் வானியா.

"சரின்னும் சொல்லல."

"அவர் எப்ப சொல்லியிருக்கார்?"

அவள் டிரம்மைத் தூக்கினாள். ஆத்தோஸ் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. கூடத்துக்குள் போய்ப் பெட்டியின் கால்மாட்டில் இறக்கி, முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். கிதார்க்காரர்கள் வேனிலிருந்து வரும்வரை காத்திருக்கவில்லை. முதல் அடி விழுந்ததும் மதுக்கூடத்து அலமாரியில் இருந்த கோப்பைகள் அத்தனையும் கிணுகிணுத்தன.

ஆத்தோஸ் மேசைமேல் நகரத் தொடங்கிய தன் கோப்பையை இடது கையால் பிடித்துக்கொண்டு, வலது கையால் நடவடிக்கைப் புத்தகத்தில் எழுதினார்:

ஆதரவு: ஒன்பது. எதிர்ப்பு: ஒன்பது. தலைவர்: வருகை தந்திருந்தார், வாக்களிக்கவில்லை.