ஈர மொச்சை

மொச்சையைப் பனி காய்வதற்குள் பறித்துவிட வேண்டும். வெயில் ஏறினால் காய்ந்த நெற்று கை பட்டதுமே வெடித்து, உள்ளிருப்பதெல்லாம் மண்ணில் சிதறிவிடும். அதனால் இருட்டு விலகும்போதே வயலில் இறங்கிவிடுவோம். பாவாடை முழங்கால்வரை நனைந்து காலோடு ஒட்டும். நெற்றின் முனை குத்திக் குத்தி நகக்கண் எரியும். அக்கா எப்போதும் எனக்கு முன்னால் போய்க்கொண்டிருப்பாள். பால் கறக்கிற கை, வேகமான கை.

புண்ணாக்கு வாங்கிக் கட்டுப்படியாகவில்லை என்று பால் பண்ணை முதலாளி மாட்டுத் தீவனத்துக்காகத் தன் நிலத்திலேயே மொச்சை போட்ட முதல் வருஷம் அது. முன்பு கறவை மட்டும்தான் எங்கள் வேலை. இப்போது கறவைக்கு முன்னால் பறிப்பு, பின்னால் அரைப்பு. கூலி மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பறித்த நெற்றை நன்றாகக் காயவைத்துத் தோலோடு அரைப்போம். ஒரு நாள் கொட்டகையில் தீவனம் துளிகூட இல்லை.

“இன்னிக்குப் பறிச்சதையே போடுங்க” என்றார் முதலாளி.

“ஈரமா இருக்கு முதலாளி, அடைச்சுக்கும்” என்றார் அரவை மெஷின் ஓட்டும் தும்மல் மாமா. மொச்சைத் தூசியில் எந்நேரமும் தும்முவதால் அந்தப் பேர்.

“அந்தக் கம்பித் தட்டியிலதான் அடைக்குது. கழட்டு.”

கை உள்ளே போகாமல் இருக்கத்தான் மெஷின் வாயில் அந்தத் தட்டி. மாமா அசையவில்லை. முதலாளியே ஸ்பேனர் எடுத்துக் கழற்றினார்.

ஈர மொச்சை பசையாக அப்பியது. மெஷின் முனகிக்கொண்டு நின்றது. மாமா சுவிட்சை அணைக்க ஓடுவதற்குள் அக்கா அடைப்பைத் தள்ளக் கையை விட்டாள். அடைப்பு விட்டது. மெஷின் ஓடியது.

அவள் அலறவில்லை. “ஐயோ, தீவனத்துல ரத்தம் பட்டுடுச்சே” என்றாள்.

வலது கையில் கட்டைவிரல் மட்டும் மிஞ்சியது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள் நேரே கொட்டகைக்குத்தான் போனாள். வெள்ளைக்காலிப் பசு, அவளைத் தவிர யார் கறக்க உட்கார்ந்தாலும் உதைக்கும். அது கட்டுப் போட்ட கையை முகர்ந்து முகர்ந்து நக்கியது. அக்கா இடது கையால் பீய்ச்சிப் பார்த்தாள். கொஞ்சத்திலேயே கை ஓய்ந்துபோனது. அப்போதுதான் அழுதாள்.

முதலாளி வந்து நின்றார். “யாரு கைய விடச் சொன்னது? சரி, போனது போச்சு. நீங்க ரெண்டு பேரும் தங்கியிருக்கிற ரூம் கறக்கிறவங்களுக்குத்தான். புது ஆள் வராரு, காலி பண்ணிடுங்க.”

“எங்க போறது முதலாளி?” என்றாள் அக்கா.

“அதையும் நான்தான் சொல்லணுமா?”

“தட்டியக் கழட்டினது யாரு?” என்றார் மாமா.

“அட, உனக்குப் பேச்சும் வருமா? தும்மல் மட்டும்தான் வரும்னு நெனச்சேன்.”

கொட்டகையில் நின்ற வேலையாட்கள் யாரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் எல்லோரும் எங்கள் அறை வாசலில் கூடினார்கள். “நாளைக்கு ஒருத்தரும் கறக்க வேணாம்” என்றார் கறவைக்கார அண்ணன்.

“வேணாண்ணே” என்றாள் அக்கா. “மடி கட்டிக்கிட்டு மாடு துடிக்கும். அது நம்மள என்ன பண்ணுச்சு?”

நான் சுவரைப் பார்த்தபடி முணுமுணுத்தேன்.

“சத்தமா சொல்லும்மா” என்றார் மாமா.

“கன்னுங்கள அவுத்து விட்டுட்டா?”

விடிந்தது. நாங்கள் வயலில் இறங்கவில்லை. மாடுகளுக்கு வைக்கோல் போட்டுவிட்டு, எந்நேரமும் பின்கொட்டகையில் கட்டியே கிடக்கும் கன்றுகளிடம் போனோம். பால் வண்டி காலி கேன்களோடு வாசலில் நின்றது.

“அத்தனை பேரையும் தொரத்திடுவேன்!” முதலாளியின் குரல் உடைந்தது.

“தொரத்துங்க. ஆனா எல்லாரையும் ஒண்ணா தொரத்துங்க” என்றார் அண்ணன். “அவ ரூம் அவளுக்கு வேணும். மெஷினுக்குத் தட்டி வேணும். அதுவரைக்கும் பால் கன்னுக்குத்தான்.”

வெள்ளைக்காலியின் கன்றை அவிழ்க்க அக்கா குனிந்தாள். ஒற்றைக் கைக்கு முடிச்சு மசியவில்லை. நான் கயிற்றின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவள் இழுத்தாள். கன்று பாய்ந்து போய் மடியை முட்டியது.

நாங்கள் வாசலிலேயே உட்கார்ந்தோம். வெயில் ஏறிக்கொண்டிருந்தது. வயலிலிருந்து, ஒன்றன்பின் ஒன்றாக, நெற்றுகள் வெடிக்கும் சத்தம் கேட்டது.